மூன்று மார்க் மிச்சத்தில் பாஸான ஜோஸி பை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



ஆண்டு மலர் என்றாலே விஞ்ஞானிகள், விடுதலை வீரர்கள், சாதனையாளர்கள் பற்றித்தான் கட்டுரை எழுதுவது வழக்கம். நானோ ஒரு கார்ட்டூன் தொடரில் ஓரமாக வந்து போகிற பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் கதாநாயகியும் அல்ல. கதாநாயகிக்குக் குடைச்சல் கொடுப்பவள்! "மூணாம் வருசம் வந்தும் பொம்மைப் படமா?" என்று கேட்காதீர்கள். கேட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அவள் பெயர் ஜோஸி பை. நம்மூர் மஞ்சப்பை, ஜோல்னாப்பை மாதிரி இதுவும் ஒரு பையோ என்று எண்ண வேண்டாம். 'பை' என்பது அவளுடைய குடும்பப் பெயர். அந்தக் குடும்பப் பெயருக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் வேலை இருக்கிறது. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை பிறந்த கதை

கனடா நாட்டின் கிழக்கே கடலுக்குள் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று ஒரு சிறிய தீவு. செம்மண் பூமி. அந்தத் தீவில் 1874இல் பிறந்தவர் எல்.எம். மாண்ட்கோமரி என்ற எழுத்தாளர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர். சார்லட்டவுன் நகரத்துக் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். இரண்டு வருடப் படிப்பை ஒரே வருடத்தில் முடித்தார். பிறகு கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தார். அவர் எழுதிய 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலைப் பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கடைசியில் 1908ஆம் ஆண்டு பாஸ்டனில் அச்சாயிற்று. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

ஜப்பானிய மொழியில் இந்த நாவலை 1952இல் ஹனாகோ முராவோகா என்ற அம்மையார் மொழிபெயர்த்தார். அங்கே பிள்ளைகள் முதல் பெரியவர் வரை விரும்பிப் படித்தார்கள். 1979ஆம் ஆண்டு நிப்பான் அனிமேஷன் நிறுவனம் இதைக் கார்ட்டூன் தொடராக எடுத்தது. மொத்தம் 50 பகுதிகள். வாரம் ஒன்று வீதம் ஒரு வருடம் முழுக்க ஓடியது. இயக்கியவர் இசாவோ தகஹாத்தா. இவர்தான் பின்னாளில், 1985இல், ஹயாவோ மியாசாகியோடு சேர்ந்து ஜிப்ளி ஸ்டுடியோவைத் தொடங்கியவர். தொடரின் பாத்திரங்களை வரைந்தவர் யோஷிஃபூமி கொண்டோ. ஆன் ஷெர்லி வளர வளர அவள் முகமும் மாறிக்கொண்டே வரும்படி வரைந்திருக்கிறார். 2025இல் இதே கதை ஜப்பானில் மறுபடியும் புதுத் தொடராக வந்தது. நான் பேசப்போவது 1979ஆம் ஆண்டுத் தொடரையும் மூல நாவலையும் வைத்து.

கீழே இங்கிலீஷ் எழுத்து ஓட, போனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புரியாத இடத்துக்கு நாவலைப் புரட்டினேன், டிக்‌ஷனரி பார்த்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த எனக்கு இது நல்ல இங்கிலீஷ் டியூஷன். செலவில்லாத டியூஷன். நீங்களும் முயற்சி செய்யலாம்.

யார் இந்த ஜோஸி?

முதலில் கதாநாயகியைச் சொல்லிவிடுகிறேன். ஆன் ஷெர்லி பதினொரு வயது அநாதைச் சிறுமி. சிவந்த தலைமுடி, முகமெல்லாம் புள்ளி, ஓயாத பேச்சு. அவோன்லி என்ற கிராமத்தில் மாத்யூ, மரில்லா என்று கல்யாணம் ஆகாத வயதான அண்ணன் தங்கை. வயல் வேலைக்கு ஒத்தாசையாக ஒரு பையனைக் கேட்டார்கள். வந்து இறங்கியதோ இந்தப் பெண். திருப்பி அனுப்ப நினைத்தவர்கள் மனம் மாறி வைத்துக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் படிப்பில் நேர் போட்டி கில்பர்ட் பிளைத். அது பெரிய போட்டி, கதை முழுக்க வரும். ஜோஸியுடையது சின்னப் போட்டி. அவள் முதல் ரேங்குக்குப் போட்டியிடுபவள் அல்ல. வாயால் மட்டும் போட்டியிடுபவள். நம் வகுப்பிலும் பெஞ்சுக்கு ஒருவர் இருப்பாரே, அந்த ரகம்.

பள்ளி நிகழ்ச்சியில் ஜூலியா என்ற பெண் மேடை ஏறிக் குனிந்து வணக்கம் சொன்னதைப் பார்த்து, கோழி தலையை வெட்டி வெட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று ஜோஸி ஒருத்தியிடம் சொல்லப் போக, அவள் அதை ஜூலியாவிடமே போட்டுக்கொடுக்க, இரண்டு பேருக்கும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை கிடையாது. ஆன் ஷெர்லி தலைமுடிக்குச் சாயம் போட்டு, அது பச்சையாகிப்போய், ஒட்ட வெட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தபோது, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னவளும் ஜோஸிதான்.

இனி, பாடத்துக்கு உதவுகிற நான்கு சம்பவங்களைப் பார்ப்போம்.

சம்பவம் 1: கூரை முகடு

டயானா வீட்டில் பிள்ளைகள் எல்லாம் கூடி, ஒருவருக்கொருவர் 'உன்னால முடியுமா?' என்று சவால் விட்டு விளையாடுகிறார்கள். ஜோஸி பலகை வேலியின் மேல் தடுமாறாமல் நடந்து காட்டுகிறாள். இது என்ன பெரிய விஷயம், கூரை முகட்டிலேயே நடக்கிற பெண்ணை எனக்குத் தெரியும் என்கிறாள் ஆன். அப்படியானால் நீ நடந்து காட்டு என்று ஜோஸி பிடித்துக்கொள்கிறாள். தோழிகள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் ஆன் சமையல்கட்டுக் கூரை மேல் ஏறுகிறாள். மானப் பிரச்சினையாம்! சில அடி நடந்ததும் தலை சுற்றிக் கீழே விழுகிறாள். கணுக்கால் எலும்பு முறிந்து ஏழு வாரம் வீட்டிலேயே கிடக்கிறாள்.

அவள் விழுந்த அந்தக் கணத்தில் ஜோஸிக்கு ஈரக்குலை நடுங்கிவிடுகிறது. ஒருத்தியைக் கொன்றவள் என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். ஆன் கண் திறந்ததும் எல்லோரையும் விட அதிகமாக மூச்சு வந்தது ஜோஸிக்குத்தான். பிறகு படுக்கையில் கிடந்த ஆன் ஷெர்லியைப் பார்க்கவும் வருகிறாள். வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் வந்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பவம் 2: அநாதைகள் ஓடித்தான் ஆக வேண்டும்

அவோன்லி பள்ளிக்கு மிஸ் ஸ்டேஸி என்ற நல்ல ஆசிரியை வருகிறார். சார்லட்டவுனில் உள்ள குயின்ஸ் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுத விரும்பும் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு தினமும் ஒரு மணி நேரம் தனி வகுப்பு எடுக்கிறார். குயின்ஸ் என்பது ஆசிரியர் ஆவதற்கான கல்லூரி. படித்து முடித்தால் கையில் சான்றிதழ், உடனே வேலை. ஏறக்குறைய நம் பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள் ஏழே பேர். ஆன், கில்பர்ட், ரூபி, ஜேன், சார்லி, மூடி ஸ்பர்ஜன், ஜோஸி. உயிர்த்தோழி டயானா சேரவில்லை. அவளை மேலே படிக்கவைக்க அவளுடைய பெற்றோருக்கு எண்ணம் இல்லை. யோசித்துப் பாருங்கள்: தோழி வீட்டோடு நின்றுவிட்டாள். வாயாடி ஜோஸி கூடவே படிக்க வந்தாள்!

எதற்காகப் படிக்கிறோம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளும்போது, தான் சம்பாதித்துச் சாப்பிட வேண்டிய நிலையில் இல்லை, அறிவுக்காக மட்டுமே கல்லூரிக்குப் போவதாக ஜோஸி சொல்கிறாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறர் தயவில் வாழும் அநாதைகளின் கதை வேறு, அவர்கள் முட்டி மோதித்தான் ஆக வேண்டும் என்று ஒரு குத்தும் வைக்கிறாள்.

இந்த இடத்தில் நான் போனை நிறுத்தி வைத்துவிட்டேன். ஏனென்றால் இதே மாதிரி ஒரு பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். எங்க அப்பா லோடுமேன். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். முதல் வருடம் ஸ்காலர்ஷிப் பாரத்தோடு வரிசையில் நின்றபோது பின்னால் ஒருவர், "இவங்கள்லாம் இதை நம்பித்தான படிக்க வர்றாங்க" என்றார். யார் என்பது முக்கியமில்லை. 1908இல் கனடாவுக்கு எழுதப்பட்ட வாக்கியமும் நான் வரிசையில் கேட்ட வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சம்பவம் 3: மூன்று மார்க்

நுழைவுத் தேர்வு முடிவு செய்தித்தாளில் வருகிறது. தேறியவர்கள் 200 பேர். முதலிடத்தில் ஆன், கில்பர்ட் இருவரும் சம மதிப்பெண். ஜேனும் ரூபியும் சார்லியும் பட்டியலின் நடுவாக்கில். ஜோஸி? தேறுவதற்குத் தேவையானதை விட மூன்றே மார்க் அதிகம். கதையில் இதைச் சிரிப்புக்காகத்தான் சொல்கிறார்கள். முதலிடம் வந்தவள் மாதிரி அவள் பீற்றிக்கொள்ளப் போகிறாள் பார் என்று.

அரியர் என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இதில் சிரிப்பு வருமா? மூன்று மார்க் மிச்சம் என்றாலும் பாஸ் பாஸ்தான்! தினமும் பள்ளி விட்ட பிறகு அந்த ஒரு மணி நேரம் அவளும்தானே உட்கார்ந்தாள்? வாய் நீளம் என்பதற்காக அவள் எழுதிய பரீட்சை பொய்யாகிவிடாது.

சம்பவம் 4: கேக்கும் செய்தியும்

எனக்குப் பிடித்த இடம் இது. ஆன் சார்லட்டவுன் போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலை. புது ஊர், புது அறை, யாரையும் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. ஹாஸ்டல்காரர்களுக்கு அந்த முதல் நாள் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்போது கதவைத் திறந்துகொண்டு வருகிறாள் ஜோஸி! ஊர் முகம் ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில் பழைய சண்டையெல்லாம் ஆன் ஷெர்லிக்கு மறந்தே போகிறது.

ஜோஸியோ வந்ததும் வராததுமாக, அழுது அழுது கண் சிவந்திருக்கிறது, ஏற்கனவே தலையும் சிவப்பு என்று கிண்டல் பண்ணுகிறாள். பிறகு, தின்ன ஏதாவது இருக்கிறதா, பசி உயிர் போகிறது, மரில்லா கேக் கட்டிக் கொடுத்திருப்பார் என்று தெரிந்துதான் வந்தேன் என்கிறாள். நம் ஹாஸ்டலில் ஒருவனுக்கு வீட்டிலிருந்து முறுக்கு டப்பா வந்தால், ஒரு மாதம் பேசாதவன்கூடத் தோளில் கை போடுவானே, அதேதான்!

மற்ற தோழிகளும் வந்து சேர, பேச்சுவாக்கில் ஜோஸி ஒரு செய்தியை அவிழ்த்து விடுகிறாள். ஏவரி உதவித்தொகைகளில் ஒன்று இந்த வருடம் குயின்ஸுக்கும் வருகிறதாம். ஆங்கிலத்திலும் ஆங்கில இலக்கியத்திலும் முதலிடம் வருகிறவருக்கு ரெட்மண்ட் கல்லூரியில் படிக்க வருடம் 250 டாலர், நான்கு வருடத்துக்கு. அதுவரை ஆன் ஷெர்லியின் கனவு ஆசிரியர் சான்றிதழோடு நின்றிருந்தது. மிஞ்சிப்போனால் கல்லூரிப் பதக்கம். அந்த ஒரு நொடியில் பட்டப்படிப்பு என்ற கதவு திறக்கிறது. வருடக் கடைசியில் அந்த உதவித்தொகையை வென்றவள் ஆன் ஷெர்லிதான்.

அநாதைகள் ஓடித்தான் ஆக வேண்டும் என்று குத்திய அதே வாயிலிருந்துதான் அந்தச் செய்தியும் வந்தது.

பாடம் ஒன்று: எந்தச் சவாலுக்கு ஏறுவது?

ஜோஸி இரண்டு சவால் விட்டாள் என்று சொல்லலாம். ஒன்று, கூரை மேல் நட. இன்னொன்று, சவால் என்று அவளுக்கே தெரியாமல் விட்டது: நீ அநாதை. முதல் சவாலுக்கு ஆன் உடனே ஏறினாள், கால் போயிற்று, ஏழு வாரம் போயிற்று. இரண்டாவதற்கு வாயால் பதில் சொல்லி ஜெயிக்கப் பார்க்கவில்லை. பதில் செய்தித்தாளில் வந்தது.

ஃபிட்டிங் ஷாப்பில் உளி தீட்டுகிறோம். சாணைக்கல் உளியோடு உரசாமல் முனை வராது. அதற்காக ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? முனை சூடேறி நீலம் பாய்ந்துவிடும். டெம்பர் போய்விடும். அப்புறம் அந்த உளி இரும்பை வெட்டாது, மடங்கும். அதனால்தான் தொட்டுத் தொட்டுத் தீட்டி, இடையிடையே தண்ணீரில் முக்கச் சொல்கிறார் இன்ஸ்ட்ரக்டர். குத்தல் பேச்சும் சாணைக்கல்தான். கூர் வருகிற அளவுக்குத் தொட விடுங்கள். ராத்திரி முழுக்க அதையே நினைத்து அழுத்திக்கொண்டிருந்தால் நம் டெம்பர்தான் போகும்.

பாடம் இரண்டு: செய்தி யாரிடமிருந்து வந்தாலும் செய்திதான்

முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற நமக்குப் பணத்தை விடப் பெரிய பற்றாக்குறை ஒன்று உண்டு. அது தகவல். எந்தப் பரீட்சைக்கு எப்போது விண்ணப்பம், டிப்ளமோ முடித்தால் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம், எந்தக் கம்பெனியில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் படித்தவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. நம் வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. நாலு பேர் வாயிலிருந்து பொறுக்கித்தான் ஆக வேண்டும். அந்த நாலு பேரில் ஒரு ஜோஸியும் இருப்பாள். பிடிக்காதவர் என்பதற்காகக் காதை மூடிக்கொண்டால் நட்டம் நமக்குத்தான். ஆன் கேக்கையும் கொடுத்தாள், காதையும் கொடுத்தாள்.

பாடம் மூன்று: 'பை' என்றால் பைதானா?

இப்போது அந்தக் குடும்பப் பெயருக்கு வருகிறேன்.

அவோன்லியில் பை குடும்பம் என்றால் யாருக்கும் ஆகாது. ஜோஸி ஏதாவது செய்தால், பை வீட்டுப் பெண் வேறு எப்படி இருப்பாள் என்பார்கள். கெர்ட்டி பை ஒன்று செய்தாலும் அதே பேச்சு. மரில்லா நேர்மையான அம்மாள்தான். அவரே பை குடும்பத்தை முட்செடியோடு ஒப்பிட்டு, இதுகளால் உலகத்துக்கு என்ன பிரயோஜனமோ என்கிறார். ஆன் ஷெர்லியும் ஜோஸியை விரும்பப் பெருமுயற்சி செய்து, கடைசியில் கைவிடுகிற நிலைக்கு வருகிறாள்.

இங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆன் வந்து இறங்கிய நாளில் இதே ஊர், அநாதைகளை வீட்டில் சேர்த்தால் தீ வைப்பார்கள், கிணற்றில் விஷம் கலப்பார்கள் என்று பேசியது. பிறப்பை வைத்து அளக்காதே, ஆளைப் பார் என்று சொல்வதற்குத்தான் கதையே எழுதப்பட்டது. ஆன் ஷெர்லியின் விஷயத்தில் ஊர் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. ஆனால் ஜோஸியின் விஷயத்தில் கடைசிவரை குடும்பப் பெயரை வைத்தே அளக்கிறது. நாவல் ஒரு தடவைகூட நம்மை ஜோஸியின் வீட்டுக்குள் கூட்டிப் போவதில்லை. அவள் அம்மா எப்படிப்பட்டவர், வீட்டில் யார் அவளிடம் எப்படிப் பேசுவார்கள் என்று நமக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து 'பைதானே' என்று கேட்டு வளர்ந்த பெண்ணின் நாக்கு வேறு எப்படி இருக்கும்?

அவள் பேசியதை நான் நியாயப்படுத்தவில்லை. குத்தியது குத்தியதுதான். ஆனால் குற்றம் ஜோஸியுடையது, குடும்பப் பெயருடையது அல்ல. இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் என் ஊர் பெயரைச் சொன்னதும் "ஓ, அந்தப் பக்கமா" என்று முகம் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகமாற்றம் எனக்கு வேண்டாம் என்றால், வேறொருவரைப் பார்த்து நானும் "அவன் ஊர்க்காரன் அப்படித்தான்" என்று சொல்லக் கூடாது. அவன் எனக்கு வேண்டாதவனாக இருந்தாலும் சரி.

மாண்ட்கோமரிக்கே இது உறுத்தியிருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். 1909இல் வந்த அடுத்த நூலில் ஆன் பள்ளி ஆசிரியை ஆகிறாள். அவள் வகுப்பில் அந்தோணி பை என்று ஒரு முரட்டுப் பையன். எப்படியாவது அவன் மனசைப் பிடிக்க வேண்டும் என்று பாடுபடுகிறாள். கடைசியில் அவன் வழிக்கு வருகிறான். ஜோஸிக்குக் கிடைக்காத பொறுமை, அந்தோணிக்குக் கிடைத்தது.

முடிவுரை

ஜோஸி பிறகு என்ன ஆனாள்? குயின்ஸில் முதல் வருடம் முடிந்ததும் ஜேனும் ரூபியும் வேலைக்குப் போனார்கள். ஜோஸி மேலும் ஒரு வருடம் படிக்கக் கல்லூரிக்கே திரும்பினாள். மூன்று மார்க்கில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்தவள் படிப்பை விடவில்லை! இதை யாரும் பாராட்டிச் சொல்வதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

நண்பர்களே! நம் வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர் இருக்கிறோம். எல்லோரும் கதாநாயகன், கதாநாயகி ஆக முடியாது. யாரோ ஒருவர் கதையில் நாம் ஒவ்வொருவரும் ஜோஸியாக நின்றுகொண்டிருக்கலாம். அதனால் குத்துவதற்கு முன் ஒரு தடவை யோசிப்போம். குத்துப்பட்டால் கூரை ஏறாமல் புத்தகத்தைத் திறப்போம். கிடைத்த செய்தியைப் பகிர்ந்துகொள்வோம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதை விட்டு, என்ன படிக்கிறாய் என்று கேட்போம்.

அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை: ஏப்ரலில் எழுதுங்கள். மூன்று மார்க் மிச்சம் இருந்தால் போதும்.

வாழ்க வளமுடன்!